மதினிக்கு, கையெழுத்து விஷயமாக

மதினி,

காணாமல் போன அண்ணனை இறந்தவராக அறிவிக்கச் சொல்லி நீங்கள் போட்ட கேஸுக்கு வக்கீல் கேட்ட பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறேன். புதன்கிழமை காலையில் ராமநாதபுரம் வந்துவிடுவேன். போனில் சொன்னால் நீங்கள் "சரிம்மா" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். இங்கே எழுதினால் தங்கச்சிமடமே படிக்கும், தெரியும். நம் வீட்டு விஷயத்தை நமக்கு முன்னாலேயே பேசி முடித்த தெருதானே, இதையும் படிக்கட்டும்.

மே மாதம் "ஏழு வருஷம் ஆயிருச்சு" என்று நீங்கள் சொன்னபோது நான் கேட்டதை இங்கே திருப்பி எழுத முடியாது. பாப்பா உள் அறையில் இருந்தாள் என்று எனக்குத் தெரியாது. அவள் காதில் விழும்படி கேட்டிருக்கக் கூடாதுதான். ஆனால் நீங்களும் ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருக்கலாம் மதினி. பேப்பரில் வந்த விளம்பரத்தைப் பக்கத்து வீட்டுக்காரி வாட்ஸ்அப்பில் அனுப்பித்தான் நான் பார்த்தேன். அண்ணன் போட்டோவுக்கு மேலே கோர்ட் பெயர். அதைப் பார்த்துவிட்டு என்னால் எப்படி நிதானமாகப் பேச முடியும்?

உங்கள் கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை. வீடு அண்ணன் பேரில் இருக்கிறது. பட்டா மாற்ற வாரிசுச் சான்று, வாரிசுச் சான்றுக்கு இறப்புச் சான்று, அதற்கு உடல் வேண்டும், உடல் இல்லையென்றால் கோர்ட் தீர்ப்பு. பாப்பாவின் நர்சிங் ஃபீஸ் இதற்கெல்லாம் காத்திருக்காது. சரி.

எனக்கு ஆறாதது வேறு. கடலில் போயிருந்தால் ஊரே கரைக்கு வந்திருக்கும். படகுகள் தேடப் போயிருக்கும், சங்கம் கலெக்டருக்கு மனுக் கொடுத்திருக்கும், ஃபாதர் வீட்டுக்கு வந்து ஜெபம் சொல்லியிருப்பார். நம் அண்ணன் மீன்பிடித் தடைக்காலத்தில், பட்டப்பகலில், குடித்துவிட்டு பஸ் ஏறிப் போனார். 61 நாள் கடலுக்குப் போகாத ஆம்பளைகள் எங்கே போய் உட்கார்வார்கள் என்று இந்தக் கரையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் ஸ்டேஷனில் "போதை தெளிஞ்சா வருவான்" என்று சிரித்தார்கள். காணவில்லை என்று கொடுத்த புகாருக்கு ரசீது வாங்கவே நாம் பட்ட பாடு! இதில் ஊர், உங்களையும் ஒரு மாதிரி பார்த்தது. அவர் போனதற்கு நீங்கள்தான் காரணம் என்று சொன்னவர்கள் இதைப் படித்தால் படிக்கட்டும். அந்த ராத்திரிகளைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை, அடி வாங்கியது நீங்கள். அம்மா நேர்ந்துகொண்டு அவரை ஏர்வாடிக்குக் கூட்டிப்போனதைப் பற்றியும் எழுதமாட்டேன். 2001 ஆகஸ்ட் 6-ல் அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலி போட்டிருந்த 28 பேர் செத்தது தெரிந்தும் போனோம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அக்னி தீர்த்தம் மட்டும் எழுதுகிறேன், மதினி. எழுதாமல் இருக்க முடியவில்லை.

தை அமாவாசைக்கு மறுநாள். குளித்தவர்கள் விட்டுப்போன ஈரத்துணி கரை முழுக்கக் குவிந்து கிடந்தது. அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் ஒருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார், ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று சட்டை. அதே தோள், அதே கூனல். நான் படிக்கட்டிலேயே நின்றுவிட்டேன். முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நீங்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை. நேராகப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவருடைய வலது காலை எடுத்து உங்கள் மடியில் வைத்து, கணுக்காலுக்கு மேலே அப்பியிருந்த சேற்றைப் பெருவிரலால் தேய்த்தீர்கள். திருக்கை முள் குத்திய தழும்பைத் தேடுகிறீர்கள் என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது. அந்த மனிதர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. யாரோ தொட்டு ரொம்ப நாள் ஆகியிருக்கும். தேய்க்கத் தேய்க்க வெறும் தோல்தான் வந்தது. "இல்லை" என்றீர்கள். சொன்னபிறகும் எழுந்திருக்கவில்லை. முந்தானையைக் கடலில் நனைத்து வந்து இன்னொரு காலையும் துடைத்துவிட்டு, "இவருக்கும் வீட்ல யாராவது இருப்பாங்கல்ல?" என்றீர்கள்.

அதோடு நீங்கள் வரவே இல்லை. நான் மாட்டிக்கொண்டேன்.

அவர் பேசியது தெலுங்கு. பாம்பன் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பையனைக் கூட்டிவந்து பேசவைத்தோம், கடைசியில் அவர் தம்பி வந்து கூட்டிப்போனார். அதிலிருந்துதான் நாங்கள் நாலைந்து பெண்கள் சனிக்கிழமை தோறும் போகிறோம். ஊர்ப்பேர் கேட்டால் சொல்லமாட்டார்கள் மதினி. வீட்டுப் பக்கத்தில் என்ன கோயில், சந்தை எந்தக் கிழமை என்று கேட்டால் சொல்வார்கள். முடி வெட்டுவதற்கு முன்னால் ஒரு போட்டோ, வெட்டி, குளிப்பாட்டிய பிறகு ஒரு போட்டோ. வீட்டுக்காரர்களுக்கு இரண்டாவதுதான் அடையாளம் தெரியும். 2017-ம் வருஷத்து மனநலச் சட்டத்தில் 100-வது பிரிவு இருக்கிறது. மனநலம் சரியில்லாமல் வீடில்லாமல் அலைகிறவரைப் பார்த்தால், காணாமல் போனவர் என்று எஃப்.ஐ.ஆர். போட்டுக் குடும்பத்தைத் தேடுவது அந்த ஸ்டேஷன் அதிகாரியின் கடமை. இதை ஜெராக்ஸ் போட்டுக் கையில் வைத்திருக்கிறேன். அன்று சிரித்தவர்கள் இன்று நாற்காலி போடுகிறார்கள்.

"ஊர்ப் பைத்தியத்தையெல்லாம் குளிப்பாட்டுறா, சொந்த அண்ணன் மகளுக்கு ஒரு வேளைச் சோறு போட்டாளா" என்று நீங்கள் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். சொன்னீர்களோ இல்லையோ, அது பொய் இல்லை. ஆனால் யாரோ ஒருத்தி, விசாகப்பட்டினத்திலோ சூரத்திலோ, நம் அண்ணன் காலைத் துடைத்துக்கொண்டிருப்பாள் என்று நான் நினைத்துக்கொள்ள வேண்டாமா? அதை நினைக்காமல் எனக்குத் தூக்கம் வராது. நீங்கள் எப்படித் தூங்குகிறீர்கள்?

இதை அழிக்கலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும்.

வக்கீல் சட்டத்தைப் படித்துக் காட்டினார். முன்னே 108-வது பிரிவு, புதுச் சாட்சியச் சட்டத்தில் 111. உயிரோடு இருந்தால் யாருக்கு இயல்பாகத் தகவல் வந்திருக்குமோ அவர்களுக்கு ஏழு வருஷமாக எதுவும் வரவில்லை என்றால், உயிரோடு இருக்கிறார் என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டுமாம். அதாவது நான். நிரூபிக்க என்னிடம் என்ன இருக்கிறது? ஸ்டேஷன் ரசீது, ஒட்டிய போஸ்டர், காப்பகம் காப்பகமாகப் போய் "இல்லை" என்று எழுதி வாங்கிய சீட்டு. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இதைவிட நல்ல ஆதாரம் கேஸுக்குக் கிடைக்காதும்மா" என்றார். உங்களுக்குத் தெரிந்துதான் என்னைச் சாட்சியாகப் போடச் சொன்னீர்களா? நான் அவரை உயிரோடு வைத்திருக்கத் தேடியதெல்லாம் இப்போது அவர் இல்லை என்று சொல்லப் போகிறது. கோபப்பட நினைத்தேன், ஆனால் பாப்பா ஹாஸ்டல் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது கண்ணில் நிற்கிறது.

கையெழுத்து அந்த வாசகத்துக்கு மட்டும்தான்: "எனக்குத் தகவல் இல்லை." அது உண்மை, போடுகிறேன். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குச் சிலுவையடியில் நீங்கள் மெழுகுவர்த்தி ஏற்றினால் ஏற்றுங்கள், என்னைக் கூப்பிடாதீர்கள். அம்மாவிடம் தீர்ப்பு வந்த பிறகு நான் சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் சொல்ல வேண்டாம். சனிக்கிழமை நான் போவதையும் யாரும் நிறுத்தச் சொல்லக் கூடாது.

ஃபைலைக் கொண்டுவருகிறேன். ஒரிஜினல் எல்லாம் கோர்ட்டில் கொடுத்துவிட வேண்டுமா, ஜெராக்ஸ் போதுமா என்று வக்கீலிடம் கேட்டு வையுங்கள். போஸ்டரில் மிச்சம் இருப்பது ஒன்றுதான். அதைக் கொடுக்கமாட்டேன்.