பள்ளி, கல்லூரி ஆயத்த நிதியைத் தேசிய வழிகாட்டுதலுடன் இணைக்க வேண்டி மூன்றாவது கோரிக்கை மனு

அனுப்புநர்:
பெற்றோர் உறுப்பினர்,
பள்ளி மேலாண்மைக் குழு,
அரசு மேல்நிலைப் பள்ளி.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் மற்றும்
மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத் தலைவர் அவர்கள்.

பொருள்: பள்ளி, கல்லூரிகளின் அவசரகால ஆயத்தப் பணத்தை, தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் வழிகாட்டுதலின்படி செலவிட ஆணையிட வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டங்களில் நான் அளித்த இரண்டு மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் பள்ளி தாங்கள் அறியாததல்ல. மழைக்கால நிவாரண முகாமைப் பார்வையிடத் தாங்கள் வந்த அதே கட்டடம்தான். மாடிக்கு ஒரே படிக்கட்டு. அது இறங்கும் இடத்தில் சைக்கிள்கள் நிற்கும். மதிலுக்கு அந்தப் பக்கம் கல்லூரி. இடையிலுள்ள இரும்புக் கதவு பூட்டியே கிடக்கிறது. சாவி யாரிடம் இருக்கிறது என்று இரு தரப்பாருக்கும் தெரியாது.

முதல் மனு கல்வித் துறைக்கு அனுப்பப்பட்டதாகத் தகவல் வந்தது. இரண்டாவதற்கு ஒப்புகைச் சீட்டு மட்டும் கிடைத்தது. ஆகவே மீண்டும் பணிவுடன் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவருகிறேன்:

1. 250 பேருக்கு மேல் 1,000 பேர் வரை படிக்கும் அரசுப் பள்ளிக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஆண்டு மானியம் 75,000 ரூபாய். சுண்ணக்கட்டி, மின்கட்டணம், பழுதுபார்ப்பு, கழிப்பறைத் தூய்மை எல்லாம் அதற்குள்தான். மிஞ்சியதில் எங்கள் பள்ளி தீயணைப்பான்களும் மணல் வாளிகளும் வாங்கியது. பயிற்சிக்கு ஒரு ரூபாயும் செலவாகவில்லை.

2. சென்ற ஆண்டு ஆய்வகத்தில் மின்கசிவால் புகை கிளம்பியது. தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போயிருந்தார். அவர் இல்லாதபோது யார் தலைமை என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருவர் விசில் ஊதி எல்லோரையும் மைதானத்துக்கு அழைத்தார். இன்னொருவர் வகுப்பைவிட்டு வெளியே வராதீர்கள் என்று கத்தினார். பிள்ளைகள் படிக்கட்டில் பாதிவழியில் முட்டிக்கொண்டு நின்றார்கள். தீயணைப்பான் சுவரிலேயே தொங்கியது. அதன் ஊசியைப் பிடுங்கத் தெரிந்தவர் அங்கே இல்லை.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு. காலில் காலிப்பர் என்னும் தாங்குகருவி, கையில் ஊன்றுகோல். வகுப்பு மாடியில். (கீழ்த்தளத்துக்கு மாற்றித் தரும்படி இருமுறை கேட்டோம், அறை இல்லை என்றார்கள்.) "நீ இங்கேயே இரு, வந்து கூட்டிப்போகிறேன்" என்று சொல்லிவிட்டு ஆசிரியை நாற்பது பிள்ளைகளுடன் இறங்கினார். கீழே அழுதுகொண்டிருந்தவர்களைப் பார்க்க அவரை நிறுத்திவிட்டார்கள். அவரை நான் குறை சொல்லவில்லை. இரண்டு கைகளால் அவர் எத்தனை பேரைப் பிடிப்பார்? கீழே யாரும் தலை எண்ணவில்லை. எண்ணியிருந்தால் ஒன்று குறைவது தெரிந்திருக்கும். புகை தானாக அடங்கும்வரை என் மகள் அந்த அறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து அவள் அழவில்லை. "அம்மா, என்னைத் தூக்கிக்கொண்டு இறங்குவது யாருடைய வேலை?" என்று கேட்டாள்.

ஐயா, அது யாருடைய வேலை?

3. இந்தக் கேள்விக்கு 2010 ஜூலையிலேயே தேசிய ஆணையம் வழி சொல்லிவிட்டது. அதன் சம்பவ எதிர்கொள்ளல் வழிகாட்டுதலின்படி மாவட்டத்தில் பொறுப்பு அலுவலர் தாங்களே. களத்தில் ஒருவர் தலைமை ஏற்பார். அவருக்குக் கீழே செயல்பாடு, திட்டமிடல், தளவாடம் என மூன்று பிரிவுகள். பாதுகாப்பைக் கவனிக்கத் தனி அலுவலர். எந்த வேலை யாருக்கு என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்கும். 2016இல் பள்ளிப் பாதுகாப்புக்கென்றே தனி வழிகாட்டுதலும் வந்தது. இவற்றைப் பள்ளி அளவுக்குச் சுருக்கிப் பெயர்ப் பட்டியல் எழுத ஒரு தாள் போதும்.

4. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் தீயில் மாண்டார்கள். அதையொட்டிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009 ஏப்ரல் 13 அன்று தீர்ப்பளித்தது. தீயணைப்புக் கருவிகளோடு, ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் வேண்டும் என்றது. கருவி வாங்கக் கிடைத்த பணம் பயிற்சிக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை? 2021 முதல் 2026 வரைக்குப் பதினைந்தாவது நிதி ஆணையம் மாநிலப் பேரிடர் நிதியில் நூற்றுக்குப் பத்துப் பங்கை ஆயத்தத்துக்கும் திறன் வளர்ப்புக்கும் ஒதுக்கியது. அந்தப் பணம் எங்கள் வாசலுக்கு வர இன்னும் எத்தனை ஒப்புகைச் சீட்டுகளை நான் சேர்க்க வேண்டும்?

5. நான் கேட்பது புதுக் கட்டடம் இல்லை, ஐயா. தலைமை யார், அவர் இல்லாதபோது யார் என்ற பட்டியல் இல்லாத பள்ளிக்கும் கல்லூரிக்கும் ஆயத்தப் பணத்தை விடுவிக்காதீர்கள். அந்தப் பணத்தில் ஒரு பங்கைப் பயிற்சிக்கென்றே கட்டாயமாக்குங்கள். தீயணைப்புத் துறையினரை வைத்து ஆண்டுக்கு இருமுறை ஒத்திகை நடத்தச் சொல்லுங்கள். கல்லூரியும் பள்ளியும் சேர்ந்தே செய்யட்டும். நடக்க இயலாத ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பெரியவர்களின் பெயர் எழுதப்பட வேண்டும். வகுப்பைக் கீழே மாற்றுங்கள்.

6. அந்தக் கதவின் சாவி.

பருவமழை முகாமுக்கு முன்பாவது ஆணையிடுமாறு மீண்டும் வேண்டுகிறேன். மற்றவை தாமதமானாலும், என் மகளைத் தூக்கி இறக்கப்போகிறவர்களின் இரண்டு பெயர்களை இந்த வாரமே எழுதித் தரச் சொல்லுங்கள். அவளிடம் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒன்பதாம் வகுப்பு மாணவியின் தாய்