மூன்று தகரப்பெட்டிகளுக்கு ஓர் அறை வேண்டும்: குமரி மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் நாகர்கோவில் வடசேரியில் ஒரு ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். தினமும் பத்துப் பேருக்காவது மனு எழுதிக் கொடுக்கிறேன், அதனால் மனு எப்படி எழுத வேண்டும் என்று தெரியும். இறந்துபோனவர்கள் எழுதி வைத்த நோட்டுகளையும் தாள்களையும் காப்பாற்ற நம் மாவட்டத்தில் ஓர் அறை வேண்டும் என்பதுதான் இப்போது என் மனு. ஆனால் இது என் வீட்டு விஷயம் மட்டும் இல்லை, இந்த மாவட்டத்தில் இன்னும் எத்தனையோ வீட்டு மச்சுகளில் கிடக்கிற விஷயம், எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் திறந்த மடலாக எழுதுகிறேன்.

போன ஆவணியில் என் பெரியப்பா காலமானார். முப்பது வருடத்துக்கு மேல் கொழும்பில் இருந்துகொண்டு தமிழ்நாட்டுப் பத்திரிகைகளுக்குச் செய்தி அனுப்பியவர், நடுநடுவே மலேசியா, சிங்கப்பூர் என்று சுற்றிவந்து பயணக் கட்டுரைகளும் எழுதியவர். பெயரைப் போட வேண்டாம் என்று பெரியம்மா கேட்டுக்கொண்டதால் போடவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே மச்சைக் காலி செய்ய, பழசை எடைக்கு வாங்குகிற ஆக்கர்கடைக்காரர் தராசோடு வந்து நின்றார். யாரையும் குறை சொல்லவில்லை, வீட்டை விற்க வேண்டிய அவசரம் அவர்களுக்கு. மூன்று தகரப்பெட்டிகளை நான் ஆட்டோவில் ஏற்றி என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

பெட்டிகளில் 41 நோட்டுகள். டைப் அடித்த கட்டுரைகளின் கார்பன் பிரதிகள், தந்தி கொடுத்த ரசீதுகள், வந்த கடிதங்கள், பஸ் டிக்கெட்டுகள், ஃபேக்ஸ் சுருள்கள். தாளோடு பிழைக்கிறவன் என்பதால் ஒன்று சொல்கிறேன்: பென்சிலில் எழுதியது நேற்று எழுதியது போல இருக்கிறது, கார்பன் பிரதியும் தாக்குப்பிடித்திருக்கிறது, மைப்பேனா எழுத்து ஈரத்தில் கலங்கியிருக்கிறது, ஃபேக்ஸ்தான் போய்விட்டது. அது சூடு பட்டால் கறுக்கிற பூச்சுத் தாள், கடை பில்லை சட்டைப்பையில் வைத்தால் ஒரு மாதத்தில் வெளுக்கிறதே, அதே சங்கதி. தொண்ணூறுகளில் கொழும்பில் அவருக்கு வந்த ஃபேக்ஸ்களில் பாதிக்கு மேல் இப்போது வெறும் மஞ்சள் தாள். எழுத்து தெரிந்த 22 தாள்களை அன்று ராத்திரியே நகல் எடுத்தேன். ரப்பர் பேண்டு உருகி ஒட்டியிருந்த கடிதக் கட்டை இன்னும் பிரிக்கவில்லை, பிரிக்கத் தெரிந்தவர் கை பட வேண்டும்.

ஒரு நோட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 97,000 நூல்கள், ஓலைச்சுவடிகள், எல்லாம் போயின. அந்த ஜூன் மாதக் கடைசியில் பெரியப்பா அங்கே போயிருக்கிறார். அவர் அனுப்பியதில் பத்திரிகையில் வந்தது 14 வரி, அந்த நறுக்கை நோட்டிலேயே ஒட்டி வைத்திருக்கிறார். நோட்டில் இருப்பது ஒன்பது பக்கம். அதில் இரண்டு பக்கத்துக்கு நூலகத்தின் கைப்படம், எந்த அறையில் எது இருந்தது என்று அங்கே வந்துபோனவர்களிடம் கேட்டுக் கேட்டு வரைந்தது. இங்கே தினசரிகள், இங்கே சிறுவர் பகுதி, இங்கே சுவடிகள் என்று அம்புக்குறி. இரண்டு பேர் ஒரே மாதிரி சொன்ன இடத்தில் ஒரு புள்ளி, ஆளுக்கொன்று சொன்ன இடத்தில் கேள்விக்குறி. ஓரத்தில் பஸ் கட்டணம், டீயின் விலை, அன்று படுக்க இடம் கொடுத்த வீட்டின் அடையாளம். அச்சில் வந்த 14 வரியைப் பழைய பத்திரிகைத் தொகுப்பில் எங்காவது தேடிப் பிடித்துவிடலாம், அந்தக் கேள்விக்குறிகள் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அதை எடைக்குப் போட்டிருப்பார்கள் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

இப்படிப்பட்ட தாள்களைக் காப்பாற்றினால் என்ன ஆகும், விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் ஒன்று. எல்லா மையார் என்று சுவிட்சர்லாந்துக்காரப் பெண் ஒருவர், பயணமும் எழுத்துமாக வாழ்ந்தவர், பாரிஸ் பத்திரிகைக்காக மஞ்சூரியா வரை போய்ச் செய்தி எழுதியவர். 1935இல் பீக்கிங்கிலிருந்து புறப்பட்டு ஏழு மாதத்தில் ஸ்ரீநகர் வந்து சேர்ந்தார். இரண்டாம் உலகப்போர் காலத்தின் பெரும்பகுதியை நம் திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தை ஒட்டிக் கழித்தவர். அவருடைய காகிதங்கள் ஜெனீவா நூலகத்தில் இருக்கின்றன, படங்கள் லொசான் அருங்காட்சியகத்தில். 1939இல் அவரோடு ஒரே காரில் ஆப்கானிஸ்தான் போன அன்னமாரி ஷ்வார்சன்பாக் கதை வேறு. அவர் 1942இல் இறந்ததும் குடும்பத்தாரே கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் அழித்துவிட்டார்கள், தப்பியதுதான் இன்று பெர்னில் உள்ள சுவிஸ் இலக்கிய ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. ஒரே பயணம் போன இரண்டு பேர், ஒருவருடையது முழுசாக, இன்னொருவருடையது மிச்சமாக.

தமிழிலும் உண்டு. உலகம் சுற்றிய ஏ.கே. செட்டியார் நாடு நாடாய் அலைந்து படச்சுருள் சேர்த்து 1940இல் தமிழில் வெளியிட்ட காந்தி ஆவணப்படத்தின் மூலப் பிரதி நமக்குத் தங்கவில்லை. ‘குமரி மலர்’ இதழை நடத்திய மனிதர் அவர். அவருடைய சொந்த ஊரான செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களும் இதழ்களும் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியதால்தான் பிழைத்தன, 1994 முதல் சென்னையில் நூலகமாக இருக்கின்றன.

நம் மாவட்டத்துக்கு வருவோம். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூரோடும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தோம், அந்தக் காலத்து அரசுக் காகிதம் பார்க்க இன்றும் திருவனந்தபுரம் பஸ் ஏற வேண்டும். தமிழ்நாட்டு ஆவணம் என்றால் எழும்பூர். பத்மநாபபுரம் அரண்மனைகூட நம் மண்ணில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில்தான் இருக்கிறது. அரசுக் காகிதத்துக்காவது போக ஒரு இடம் இருக்கிறது. தனி மனிதர் எழுதி வைத்ததற்கு? நான் முதலில் போய்க் கேட்ட ஒரு இடத்தில், பைண்ட் செய்த புத்தகம் என்றால் வாங்கிக்கொள்கிறோம், உதிரித் தாளுக்குப் பதிவேட்டில் இடமில்லை என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். அந்த இடத்தை உண்டாக்கித் தரச் சொல்லித்தான் உங்களிடம் வருகிறேன். சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிற மாவட்டம் இது.

பெரிய கட்டடம் கேட்கவில்லை. ஒரே ஓர் அறை, தரைத்தளமாக இல்லாமல் மாடியில். நமக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, ஈரமும் கறையானும் வருடம் முழுக்க விடாது, அதனால் ஈரத்தை உறிஞ்சும் எந்திரம் ஒன்று, ஸ்கேனர் ஒன்று. எல்லாவற்றையும் விட, பட்டியல் எழுதத் தெரிந்த ஒரு ஆள். குண்டூசியையும் ரப்பரையும் எடுத்துவிட்டு, எழுதியவர் எந்த வரிசையில் வைத்திருந்தாரோ அதே வரிசையில் வைக்கிற பொறுமை அவருக்கு வேண்டும். ‘முக்கியமானது’ என்று நாலைப் பொறுக்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டு மீதியைக் கட்டி மூலையில் போடுகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். பஸ் டிக்கெட் எந்தப் பக்கத்தில் செருகியிருக்கிறது என்பதை வைத்துத்தான் தேதியே போடாத நோட்டுக்கு என்னால் தேதி கண்டுபிடிக்க முடிந்தது.

அப்புறம், குடும்பங்களுக்குப் பயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். தாளைக் கொடுத்தால் உரிமையும் போய்விடும் என்று நினைக்கிறார்கள். எழுதியவர் இறந்து 60 ஆண்டுக்குப் பதிப்புரிமை உண்டு, எழுதிக் கொடுத்தால் ஒழிய அது வாரிசுகளிடமே இருக்கும் என்று ஒரு தாளில் எளிய தமிழில் அச்சடித்துக் கொடுங்கள். வந்த கடிதங்களின் உரிமை எழுதியவர்களுடையது. பெரியப்பாவிடம் நம்பிப் பேசியவர்கள் சிலர் இன்னும் இலங்கையில் இருக்கலாம், அவர்கள் பிள்ளைகள் இருக்கலாம். அந்தப் பெயர்கள் உள்ள கட்டுகளை இத்தனை வருடத்துக்குத் திறக்கக்கூடாது என்று முத்திரை வைத்துக் காப்பாற்றும் ஏற்பாடு இல்லாமல் பெரியம்மா கொடுக்க மாட்டார், நானும் கொடுக்கச் சொல்ல மாட்டேன்.

பெட்டிகள் இப்போது என் வீட்டு மாடியில், செங்கல் அடுக்கி அதன் மேல் இருக்கின்றன. 37 நோட்டுகளுக்குப் பட்டியல் எழுதிவிட்டேன், மீதி நாலையும் இந்த மாதத்துக்குள் முடித்துவிடுவேன். பட்டியலின் ஒரு நகலைத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் உங்கள் கையில் தருகிறேன். ஐப்பசி மழைக்கு முன்னால் உங்கள் ஆட்கள் யாராவது வந்து பார்த்தால் நல்லது.

இப்படிக்கு,
வடசேரியிலிருந்து ஒரு ஜெராக்ஸ் கடைக்காரன்