விடையை அடுத்த வாரம் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் சிறுவர் இணைப்பிதழில் வரும் துப்பறியும் படப்புதிரை என் அக்கா மகனோடு உட்கார்ந்து பார்ப்பது வழக்கம். படம் அருமையாக இருக்கிறது. ஆனால் விடையை அதே பக்கத்தின் அடியில் தலைகீழாக அச்சிட்டுவிடுகிறீர்கள். படத்தை முழுசாகப் பார்ப்பதற்குள் அவன் கை தாளைத் திருப்பிவிடுகிறது. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. விடை பக்கத்திலேயே இருந்தால் பெரியவர்களுக்கே கை சும்மா இருக்காது.

அவன் வயதில் எனக்கும் அக்காவுக்கும் கிடைத்த புத்தகம் 'தி லெவன்த் ஹவர்'. ஆஸ்திரேலிய ஓவியர் கிரேம் பேஸ் எழுதி வரைந்து 1988இல் வெளிவந்தது. ஹோரஸ் என்ற யானைக்கு 11வது பிறந்தநாள். விருந்தாளிகள் மாறுவேடத்தில் வருகிறார்கள். ஆட்டபாட்டமெல்லாம் முடிந்து 11 மணிக்குச் சாப்பிடப் போனால் விருந்து மொத்தமும் காலி! தின்றது யார் என்று கதை சொல்லாது. படங்களைத்தான் துருவ வேண்டும்.

எப்பேர்ப்பட்ட படங்கள்! தூணில், தரையில், ஓரச் சட்டத்தில் என்று எங்கே பார்த்தாலும் எதையாவது ஒளித்து வைத்திருப்பார். அப்பாவின் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகக் கடிகாரம் தேடுவோம். மணி தெரிந்தால்தானே எந்த நேரத்தில் யார் எங்கே இருந்தார்கள் என்று பார்க்க முடியும்? அக்கா ஒரு தாளில் கோடு போட்டு, இந்தப் பக்கம் விருந்தாளிகள், அந்தப் பக்கம் மணி என்று எழுதிக்கொண்டே வருவாள். அவளுக்குப் புலி மேல் சந்தேகம், எனக்கு முதலை மேல். இதை வைத்து நாங்கள் போட்ட சண்டையில் அம்மா ஒருநாள் புத்தகத்தையே பரண் மேல் தூக்கிப் போட்டுவிட்டார்.

விடை புத்தகத்தின் கடைசியில் இருந்தது, ஆனால் பிரிக்க முடியாதபடி மூடி ஒட்டிய பக்கங்களில். கிழித்தால்தான் படிக்கலாம். கிழித்தால் கிழித்தது தெரிந்துவிடும். அந்தப் பக்கங்களின் மேல் அக்கா ஒரு கிளிப்பையும் மாட்டி வைத்தாள். சந்தேகப்பட்ட ஒவ்வொருவரையும் நாங்களே கழித்துக் கழித்து, ஒரே ஒருவர் மிஞ்சிய பிறகுதான் கிளிப்பை எடுத்தோம். யார் என்று இங்கே எழுத மாட்டேன். இனிமேல் படிக்கப்போகும் பிள்ளைகள் இருப்பார்கள்.

பெரியவர்களுக்கும் இந்த ஆசை உண்டு. 1979இல் கிட் வில்லியம்ஸ் இங்கிலாந்தில் வெளியிட்ட படப்புத்தகத்தில் விடைப் பக்கமே கிடையாது. பொன்னில் செய்த முயல் ஒன்றை ஓரிடத்தில் புதைத்துவிட்டு, துப்பைப் படங்களுக்குள் வைத்தார். முயல் மண்ணிலிருந்து வெளியே வந்தது 1982இல். அதுவரை ஆட்கள் ஊர் ஊராகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் கேட்பது அவ்வளவு பெரிய காத்திருப்பு இல்லை. ஒரே ஒரு வாரம். விடையை அடுத்த இதழில் போடுங்கள். செல்போனில் தேடினால் எல்லாம் கிடைக்கும் காலம் இது என்பது எனக்கும் தெரியும். ஆனால் உங்கள் ஓவியர் புதிதாக வரைகிற படத்துக்கு எந்தச் செல்போனிலும் விடை இருக்காது, அதை நீங்களே கொடுத்தால் ஒழிய. அந்த ஒரு வாரமும் பிள்ளைகள் பள்ளியில், வீட்டில், "தோட்டக்காரன்தான்", "இல்லை, சமையல்காரர்தான்" என்று வாதாடட்டும்.

அப்புறம், சரியாகக் கண்டுபிடித்தவர்களின் பெயரோடு எந்தத் துப்பை வைத்துக் கண்டுபிடித்தார்கள் என்பதையும் இரண்டு வரி போடுங்கள். பெயரை மட்டும் போட்டால் குலுக்கல் முடிவு மாதிரி ஆகிவிடும். படத்தையும் கொஞ்சம் பெரிதாக அச்சிட முடியுமா? போன வாரம் மேசை மேல் கிடந்தது சாவியா கரண்டியா என்று எங்கள் இருவருக்கும் கடைசிவரை தெரியவில்லை.

அன்புடன்,
ஒரு வாசகி