தொடாமலே தாக்கும் மின்சாரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

தண்டவாளத்தைக் கடக்காதே, ஓடும் ரயிலில் ஏறாதே என்று பிள்ளைகளிடம் சொல்கிறோம். சரி, தலைக்கு மேலே போகும் கம்பியைப் பற்றி யார் சொல்வது?

பல மின்ரயில் பாதைகளில் அந்தக் கம்பியில் இருப்பது 25,000 வோல்ட். வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டைப் போல நூறு மடங்குக்கும் மேல். "தொட்டால்தானே ஷாக் அடிக்கும்" என்றுதான் இளைஞர்கள் நினைக்கிறார்கள். செல்ஃபி எடுக்க, நின்றிருக்கும் சரக்கு வண்டியின் மேல் ஏறுபவர் கம்பியைத் தொடவே வேண்டாம். அருகில் போனாலே மின்சாரம் காற்றைத் தாண்டிப் பாய்ந்துவிடும். ரயில் வராத நேரத்திலும் கம்பியில் மின்சாரம் இருக்கும்.

"பறவை உட்கார்ந்திருக்கிறதே, அதற்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை?" என்று குழந்தைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. பறவை தொடுவது அந்தக் கம்பியை மட்டும்தான். வண்டியின் மேல் நிற்கும் மனிதனுக்கோ இரும்புச் சக்கரம், தண்டவாளம் வழியாகத் தரையோடு தொடர்பு இருக்கிறது. மின்சாரம் அவன் உடல் வழியாகத் தரைக்கு இறங்கும். இயற்பியல் வகுப்பில் இதைப் பத்து நிமிடம் படம் வரைந்து விளக்கினால், எச்சரிக்கைப் பலகையை விட ஆழமாக மனதில் பதியும்.

அப்புறம், பட்டம் கம்பியில் சிக்கினால் விட்டுவிட வேண்டும். நண்பன் அடிபட்டுக் கிடந்தாலும் உடனே ஓடிப்போய்த் தொடக் கூடாது. ரயில்வே ஊழியரிடம் சொல்லி, மின்சாரம் துண்டிக்கப்பட்டது உறுதியான பிறகே நெருங்க வேண்டும். இதை ஒவ்வொரு பள்ளியும் இந்தக் கல்வியாண்டிலேயே சொல்லித்தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்