காணியாட்சிக் கிராமங்களில் எதைக் காப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பூர்விக நிலவுடைமைச் சமூகங்கள் கிராமங்களில் அருகி வருவது குறித்தும், அவற்றைக் காக்க வேண்டும் என்பது குறித்தும் அண்மைக் காலமாகப் பலர் எழுதியும் பேசியும் வருகிறார்கள். செங்கல்பட்டுப் பகுதியில் ஒரு காணியாட்சிக் குடும்பத்தில், அதாவது ஊர் நிலத்தில் பரம்பரைப் பங்குரிமை பெற்ற குடும்பத்தில் பிறந்து, அந்தக் காணியின் கடைசித் துண்டையும் விற்றுவிட்ட தலைமுறையைச் சேர்ந்தவன் என்ற முறையில் என் கருத்தைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

தொண்டை மண்டலத்தில் காணியாட்சி என்பது இன்று நாம் அறிந்த பட்டா நிலத்தைப் போன்றதன்று. ஊர் முழுவதும் இத்தனை பங்கு என்று வகுக்கப்பட்டிருக்கும். பசுங்கரை அல்லது சமுதாயம் எனப்பட்ட கிராமங்களில் ஒரு குடும்பத்துக்கு உரியது அந்தப் பங்குதானே தவிர, இன்ன வரப்புக்குள் அடங்கிய இன்ன வயல் என்பதில்லை. குறித்த காலத்துக்கு ஒருமுறை கரையீடு நடந்து, வயல்கள் பங்காளிகளுக்குள் கைமாறும். இந்த முறை மதகடியில் பயிர் வைத்தவர் அடுத்த முறை கடைமடைக்குப் போக நேரலாம் என்பதால், கடைமடை வரை தண்ணீர் போய்ச் சேருவதில் ஊரில் ஒவ்வொரு பங்காளிக்கும் அக்கறை இருந்தது. வாய்க்காலைத் தூர் வாருவதற்கு எவரும் எவரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை என்று என் பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவரும் அதைத் தம் பெரியவர்களிடம் கேட்டுத்தான் அறிந்திருந்தார். களத்தில் நெல்லை அளக்கும்போதே கோயிலுக்கும், தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர், தலையாரி, வெட்டியான் ஆகியோருக்கும் உரிய மேரையும் சுதந்திரமும், அதாவது விளைச்சலில் அவரவர்க்கு வழக்கப்படி சேர வேண்டிய பங்குகள், எடுத்து வைக்கப்பட்டன. 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்பவர் செங்கல்பட்டுச் சீமையில் நடத்திய அளவையின்போது எழுதப்பட்ட ஊர்க் கணக்குகளில் இவற்றின் விவரத்தைக் காணலாம். காணியாட்சியின் மற்றொரு பெயரான மிராசு உரிமை குறித்து அரசு கேட்ட 17 கேள்விகளுக்கு சென்னைக் கலெக்டர் எல்லிஸ் எழுதிய விடைகளும் 1818-இல் அச்சேறியுள்ளன.

1820-இல் தாமஸ் மன்றோ சென்னை மாகாண ஆளுநராக வந்த பிறகு ரயத்வாரி முறை பரவலாக வேரூன்றியது. நிலவரி பற்றி அரசு ஊரோடு பேசுவதை விட்டு, ஒவ்வொரு பட்டாதாரரோடும் தனித்தனியே பேசத் தொடங்கியது. கரையீடு மெல்ல நின்றுபோய், பங்குகள் நிலையான வயல்களாக முடங்கின. ஏரியும் மேய்க்காலும் தோப்பும் புறம்போக்கு என்ற பெயரில் அரசின் கணக்குக்குப் போயின. காணியாட்சிக்காரர்கள் அருகியது நகரத்து வேலைகளால் மட்டும் என்று நினைப்பவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஊருக்குள் எங்களைச் சேர்த்து வைத்திருந்த கட்டு முதலில் அவிழ்ந்தது. நிலத்தை விற்றுவிட்டுப் போவது அதற்குப் பிறகு எளிதாகிவிட்டது.

ஆனால் இந்தக் கட்டுக்குள் யார் இருந்தார்கள், யார் வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்பதை மறைத்துவிட்டுப் பெருமை பேச எனக்கு மனம் ஒப்பவில்லை. வயலில் இறங்கி உழைத்த பறையர் குடிகளுக்குப் பங்கு இல்லை. பல ஊர்களில் அவர்கள் குடியிருந்த மனையும் மிராசுதாரரின் பிடியில்தான் இருந்தது. தரிசு நிலத்தை அவர்கள் கேட்டபோது மிராசு முன்னுரிமையைக் காட்டி எங்கள் முன்னோர் தடுத்தனர். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் 1891-இல் இந்த நிலைமையை விரிவாக எழுதினார். ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பஞ்சமி நிலங்களை ஒதுக்கும் 1892-ஆம் ஆண்டு ஆணை அதன் பிறகே வந்தது. எனவே, பழைய உரிமையையும் சாதி மேன்மையையும் மீட்பதுதான் பாதுகாப்பு என்று எவரேனும் சொன்னால், அந்தக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த நானே அதை ஏற்க மாட்டேன்.

காக்க வேண்டியது பொதுநிலமும், அதை ஊரே கூடிப் பார்த்துக்கொண்ட வழக்கமும்தான். எங்கள் ஊரில் இன்று ஏரி இருக்கிறது. ஆனால் வரத்துக்கால் வீட்டு மனைகளுக்கு அடியில் போய்விட்டது. மந்தைவெளி எது என்று இளைஞர்களுக்குக் காட்டக்கூட இடமில்லை. ஏரி, கால்வாய்களை விவசாயிகளின் பங்களிப்போடு சீரமைக்க 2017-இல் தொடங்கப்பட்ட குடிமராமத்துத் திட்டத்தை நான் மனமார வரவேற்றவன்தான். ஆயினும், வண்டல் அள்ளிய பொக்லைன்கள் போன பிறகு, மதகை யார் திறப்பது, உபரி நீர் வழியும் கலிங்கை யார் பார்ப்பது என்று தீர்மானிக்க ஊரில் ஓர் அமைப்பு நிலைத்திருக்க வேண்டாமா? பாசனப் பகுதி விவசாயிகள் சங்கங்களுக்கு 2000-ஆம் ஆண்டிலேயே சட்டம் இருக்கிறது. அந்தச் சங்கங்களில் பட்டாதாரர்களோடு குத்தகைதாரர்களும் கூலி உழைப்பாளர்களும் குரல் பெற்றால், காணியாட்சிக்காரர்கள் செய்யத் தவறியதையும் சேர்த்துச் செய்ய முடியும்.

கிராமப் பொதுநிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்ற வேண்டும் என்று 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. அப்படியிருக்க, 100 ஹெக்டேருக்குக் குறையாத பெருந்திட்டங்களுக்காக நீர்நிலைகள் உள்ள நிலத்தையும் ஒருங்கிணைக்க வழி செய்யும் தமிழ்நாட்டின் 2023-ஆம் ஆண்டு நில ஒருங்கிணைப்புச் சட்டம் எனக்குப் பெரும் கவலை அளிக்கிறது. ஊரின் ஏரியைப் பற்றிய முடிவில் அந்த ஊர்க் கிராம சபையின் ஒப்புதல் கட்டாயம் என்று அச்சட்டத்தில் திருத்தம் கொண்டுவர வேண்டும்.

இன்னொன்றையும் தாமதமின்றிச் செய்தாக வேண்டும். ஊர்க் கணக்கரான பரம்பரைக் கர்ணம் பதவி 1980-இல் ஒழிக்கப்பட்டது நியாயமே. ஆனால் பல ஊர்களின் பழைய கணக்குகள் அந்தக் குடும்பங்களின் பரண்களிலேயே தங்கிவிட்டன. எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியிலும் பங்குக் கணக்கு எழுதிய ஓலைகளும் நில வரைபடங்களும் இருந்தன. பாதியைக் கறையான் தின்றுவிட்டது. எஞ்சியவற்றில் ஏரிக்கு நீர் வந்த கால்வாய்களின் பெயர்கள் உள்ளன. இன்றைய பதிவேடுகளில் அவற்றுள் சில காணப்படவில்லை. மாவட்டந்தோறும் ஆவணக் காப்பகத் துறையினர் ஊர் ஊராக வந்து இத்தகைய ஏடுகளைப் படியெடுத்துக்கொண்டு, மூலத்தை உரியவரிடமே திருப்பித் தர ஏற்பாடு செய்தால், என்னிடம் மிஞ்சியிருக்கும் கட்டை நான் முதலில் கொண்டுவந்து கொடுப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர்,
மதுராந்தகம் வட்டம்