கேட்டவர்களுக்கும் பாதியில் கழற்றியவர்களுக்கும் ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். மொரீசியசின் கியூர்பிப் தாவரவியல் தோட்டத்தைச் சுற்றிவருவோருக்காக, அழிவின் விளிம்பில் நிற்கும் நம் தீவுகளின் மரங்களைப் பற்றி நாங்கள் சிலர் சேர்ந்து தமிழில் ஓர் ஒலி வழிகாட்டியைத் தயாரித்தோம். அது கேட்பவருக்கு ஏதாவது கற்றுத்தருகிறதா, அல்லது எங்கள் ஆசைக்கு நாங்களே பேசிக்கொண்ட பேச்சா என்று சோதித்துப் பார்க்கும் பணி சென்ற மாதத்தோடு முடிந்தது. அதற்காகச் சனிக்கிழமைகளையும் காதுகளையும் எங்களிடம் ஒப்படைத்த அனைவருக்கும் இந்த மடல். பாராட்டியவர்களுக்கு நன்றி சொல்வது எளிது. மனமார்ந்த நன்றி என்று ஒரு வரியில் சொல்லி நகர்கிறேன். எங்களுக்கு உண்மையில் உதவியவர்கள், பாதியிலேயே ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டவர்கள்தாம்.

அவர்கள் கழற்றிய இடத்தையும் நேரத்தையும் தோட்டத்து வரைபடத்தில் பென்சிலால் குறித்தபடி, பத்தடி பின்னால் ஓசையில்லாமல் நடந்துவந்த கல்லூரி மாணவியர் இருவருக்கும் முதலில் கடமைப்பட்டிருக்கிறேன். அன்று மாலை அந்த வரைபடங்களை மேசையில் பரப்பியபோது, சிறு பெருக்கல் குறிகள் எல்லாம் ஒரே இடத்தில் எறும்புபோல மொய்த்திருந்தன. அது வேலிக்குள் நிற்கும் அந்த ஒற்றைப் பனையின் முன்பு. ஹையோஃபோர்பி அமரிகாலிஸ் என்னும் அந்த இனத்தில் உலகம் முழுவதிலும் எஞ்சியிருப்பது சுமார் பன்னிரண்டு மீட்டர் உயரமுள்ள அந்த ஒரு மரம் மட்டுமே. எங்கள் வழிகாட்டியின் உச்சம் என்று நினைத்து நான்கு நிமிடம் பேசி வைத்திருந்த இடமும் அதுவே. இரண்டாம் நிமிடத்திற்குள் பெரும்பாலோர் எங்களைக் கழற்றிவிட்டு, அண்ணாந்து மரத்தைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். எழுதியவன் என்ற முறையில் எனக்குச் சற்று வலித்தது. ஆனால் ஒரு இனத்தின் கடைசி மரத்தின் முன்னால் நிற்கும் ஒருவரிடம் இடைவிடாமல் பேசிக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய அநாகரிகம் என்று அதுவரை எனக்குத் தோன்றாமல் போனதை நினைத்தால், அந்த வலி தேவைதான்.

அதே பகுதியில் நாங்கள் செய்த இன்னொரு பிழையைக் காட்டிக்கொடுத்தவர்கள், தமிழ் வகுப்பிலிருந்து ஆசிரியருடன் வந்த மாணவர்கள். ஹையோஃபோர்பி என்ற பெயருக்குக் கிரேக்க மொழியில் பன்றித்தீனி என்று பொருள் வருவதைச் சுவைக்காகச் சேர்த்திருந்தோம். பிள்ளைகள் சிரித்தார்கள்; நாங்களும் மகிழ்ந்தோம். ஒரு வாரம் கழித்து ஆசிரியர் எங்களுக்காக வகுப்பில் கேட்டுப் பார்த்தபோது, பன்றித்தீனி எல்லோருக்கும் நினைவிருந்தது. அந்த மரம் ஏன் தனித்துப்போனது என்பதைச் சொல்லக்கூடியவர் ஒருவரும் இல்லை. சிரித்து ஓய்வதற்குள் அடுத்த மூன்று வாக்கியங்கள் காற்றோடு போயிருந்தன. விடைத்தாள்களைத் திருத்தாமல், எழுத்துப்பிழைகளோடு அப்படியே அனுப்பிவைத்த அந்த ஆசிரியருக்கு நன்றி. அழகுபடுத்தி அனுப்பியிருந்தால் நாங்கள் இன்றும் ஏமாந்துகொண்டிருப்போம்.

காற்றோடு போன அந்த மூன்று வாக்கியங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தப் பனையில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே பாளையில்தான் வருகின்றன. ஆனால் ஆண் பூக்கள் முன்னதாக மலர்ந்து உதிர்ந்துவிட, பெண் பூக்கள் பிறகே விரிகின்றன. தாது கொடுக்க அருகில் வேறொரு மரம் இல்லாததால், காய்த்தாலும் அந்த விதை தானாக முளைப்பதில்லை. ஆய்வுக்கூடத்தில் கருவை எடுத்து வளர்த்த நாற்றுகளும் மண்ணுக்கு மாற்றியபோது பிழைக்கவில்லை. இதை நாங்கள் 'அயல்மகரந்தச் சேர்க்கை', 'பூக்களின் முதிர்ச்சிக் கால வேறுபாடு' என்றெல்லாம் பாடநூல் தமிழில் சொல்லியிருந்தோம். வீட்டில் கிரியோலும் பள்ளியில் பிரெஞ்சும் பேசிவிட்டு, வாரத்தில் சில மணி நேரம் மட்டும் தமிழ் படிக்கும் பிள்ளைக்கு இது எப்படிப் போய்ச் சேரும்?

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர், பேரனுக்குத் துணையாக வந்திருந்த ஒரு பாட்டி. அவரைச் சோதனையில் சேர்க்கும் எண்ணமே எங்களுக்கு இல்லை. மழைக்கு ஒதுங்கிய இடத்தில் பேரனின் ஹெட்போனை வாங்கித் தாமாகவே கேட்டார். கேட்டு முடித்ததும், "இது பனை மாதிரியா இருக்கு? கமுகு மாதிரியில்ல இருக்கு" என்றார். கமுகும் இதுவும் ஒரே பனைக் குடும்பம்தான். வெற்றிலை பாக்கு இல்லாமல் எந்த நல்ல காரியமும் நடக்காத வீட்டிலிருந்து வந்தவரின் கண் எங்களுடைய கண்ணைவிடக் கூர்மையாக இருந்தது. பூக்களின் கதையை ஒருமுறை வாயால் சொன்னதும் சற்று யோசித்துவிட்டு, "மாப்பிள்ளை வீட்டார் வந்து காத்திருந்து திரும்பிப் போன பிறகு பொண்ணு அலங்காரம் முடிச்சா, கல்யாணம் எப்படி ஐயா நடக்கும்?" என்று கேட்டார். அதைக் கேட்ட பேரன் தலையாட்டினான். எங்களுடைய மூன்று வாக்கியங்களையும் நீக்கிவிட்டுப் பாட்டியின் கேள்வியையே, அவர் சம்மதத்தோடு, அவர் குரலிலேயே பதிவுசெய்து சேர்த்துவிட்டோம். பதிவின்போது மூன்று தடவை திருப்பிச் சொல்லச் சொல்லி அவரை வருத்தியதற்கு இங்கே மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன்.

வனப்பணியிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவருக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் வேறு வகையானது. இருக்கையில் அமர்ந்து கேட்பதற்காக, தாம்பலகொக் மரத்துக்கும் டோடோ பறவைக்கும் உள்ள உறவைப் பற்றி ஒரு பகுதி வைத்திருந்தோம். டோடோவின் வயிற்றுக்குள் போய்வந்தால்தான் அந்த விதை முளைக்கும், பறவை அழிந்ததால் மரமும் அழிகிறது என்ற கதை நம் தீவில் அறியாதவர் இல்லை. பெரியவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இது 1977இல் ஸ்டான்லி டெம்பிள் என்ற அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்ட கருத்து என்றும், அவர் 17 விதைகளை வான்கோழிகளுக்கு ஊட்டியதில் 10 நசுங்காமல் மீண்டு, அவற்றுள் 3 முளைத்தன என்றும், ஆனால் பறவைக்கு ஊட்டாத விதைகளை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அவர் விதைத்துப் பார்க்கவில்லை என்றும் விளக்கினார். பறவையின் துணையில்லாமலே அந்த விதைகள் முளைத்ததற்கு 1940களிலேயே பதிவுகள் உண்டு. நாங்கள் குனிந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது அவர் அடுத்த அம்பையும் எய்தார்: "நீங்கள் செய்வதும் அதுதானே? ஒலிப்பதிவு கேட்டவர்களை மட்டும் சோதிக்கிறீர்கள். கேட்காமல் சுற்றிவந்தவர்கள் எங்கே?"

பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் கடைசி இரண்டு சனிக்கிழமைகளில் வந்தவர்களில் பாதிப்பேருக்கு ஹெட்போன் தராமல், ஒரு பக்கக் குறிப்புத்தாளை மட்டும் கொடுத்து அனுப்பினோம். 'எங்களுக்கு ஏன் இல்லை' என்று முகம் சுளித்தபடியே தாளை வாங்கிக்கொண்ட அந்தக் குடும்பங்களுக்குத் தனி நன்றி. காரணத்தை அன்று சொல்லியிருந்தால் சோதனை கெட்டுவிடும் என்பதால் சொல்லவில்லை. தாளோடு போனவர்கள் மரத்தின் முன் அதிக நேரம் நின்றார்கள்; அடிமரம், மட்டை, தழும்பு எல்லாவற்றையும் கவனித்து வரைந்தார்கள். ஒலிப்பதிவைக் கேட்டவர்கள் மரம் அழியும் காரணத்தை நன்றாகச் சொன்னார்கள்; ஆனால் அவர்கள் வரைந்த மரம் எந்த மரமாகவும் இருக்கலாம். ஆகவே திருத்திய பதிவில் ஒவ்வொரு மரத்தின் முன்பும் ஒரு நிமிட மௌனத்தைச் சேர்த்திருக்கிறோம். 'இப்போது பாருங்கள்' என்ற இரண்டு சொற்களுக்குப் பிறகு நாங்கள் வாய் திறப்பதில்லை.

நாங்கள் கைவைக்காமல் விட்ட பகுதி ஒன்றே ஒன்று. ரோட்ரிக்ஸ் தீவில் அழிந்தேபோனது என்று கருதப்பட்ட காஃபே மாரோன் செடியை 1980இல் ஒரு பள்ளிச் சிறுவன் கிளையோடு வகுப்புக்குக் கொண்டுவந்ததும், 1986இல் அதன் துண்டுகள் லண்டனிலுள்ள கியூ தாவரவியல் தோட்டத்துக்கு விமானத்தில் போனதும், பல ஆண்டுகள் பூத்தும் காய்க்காதிருந்து 2003இல் விதை கிடைத்ததும் பிள்ளைகளைக் கட்டிப்போட்டன. அந்தக் கதையில் வருபவன் தங்களைப் போன்ற ஒரு மாணவன் என்பதே காரணம் என்று நினைக்கிறேன். எங்கள் எழுத்துக்கு அதில் பங்கில்லை.

சுமார் 550 மீட்டர் உயரத்தில் இருக்கும் கியூர்பிப்பின் மழையை அறிந்திருந்தும், ஒரு கையில் குடையும் மறு கையில் கைப்பேசியும் பிடித்தவர் எந்த விரலால் பதிவை நிறுத்துவார் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. குடைக் காம்பைத் தோளில் சாய்த்து, மூக்கு நுனியால் திரையைத் தொட்டுக் காட்டிய இளைஞருக்கு நன்றி. இப்போது ஒவ்வொரு பகுதியும் தானாகவே நின்றுவிடும். மலிவாக வாங்கிய ஹெட்போன்களில் பல ஒரு காதில் மட்டுமே பேசின; அவற்றைச் சகித்துக்கொண்டவர்களுக்கும், சூடான கொண்டைக்கடலைச் சுண்டல் அனுப்பிய கோயில் மகளிர்க்கும், வேனுக்கு வாடகை வாங்க மறுத்த ஓட்டுநர் அண்ணனுக்கும் எங்கள் வணக்கம்.

திருத்திய பதிவை அடுத்த பள்ளி விடுமுறையில் மீண்டும் சோதிக்கவிருக்கிறோம். இம்முறையும் பிடிக்காத இடத்தில் தயங்காமல் கழற்றிவிடுங்கள். பென்சிலோடு பின்னால் ஆள் வரும். கடைசிச் சனிக்கிழமையன்று பனை வேலியில் மாட்டிவைத்த கறுப்புக் குடை ஒன்று, பச்சைக் கைப்பிடி உள்ளது, என்னிடம் பத்திரமாக இருக்கிறது. உரியவர் வரும்போது வாங்கிக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
ஒலி வழிகாட்டிக் குழுவின் சார்பில்