பொருள்: அட்டையில் மணத்த மல்லி கையில் மணக்காதது பற்றி

வணக்கம்.

போன மாதம் உங்கள் கடையில் 50 மில்லி மல்லிகை பெர்ஃப்யூம் ஒன்று வாங்கினேன். விலை 2,450 ரூபாய், பில் இணைத்திருக்கிறேன். பாட்டில் உடையவில்லை, ஒழுகவில்லை. கடையில் நீங்கள் முகரக் கொடுத்தது ஒன்று, வீட்டுக்கு வந்து சேர்ந்தது வேறொன்று, அதுதான் என் புகார்.

உங்கள் கடைப் பெண் வெள்ளை அட்டைத் துண்டில் ஒரு தடவை அடித்து, விசிறி, நீட்டினார். முதலில் எலுமிச்சைத் தோலைக் கிள்ளினால் வருமே அந்த வாசனை, அப்புறம் பூக்காரம்மா கூடையில் மூடிய ஈரத்துணியை விலக்கினதும் குப்பென்று வரும் மல்லி. கையில் அடித்துப் பார்க்கட்டுமா என்று கேட்டேன், "எல்லாம் ஒண்ணுதான் மேடம்" என்றார். நடுவில் மூக்குத் தெளியட்டும் என்று காபிக்கொட்டை டப்பாவை வேறு முகரச் சொன்னார், காபி நன்றாகத்தான் இருந்தது.

வீட்டில் மணிக்கட்டில் அடித்தேன். பத்து நிமிஷத்தில் எலுமிச்சை போய்விட்டது, சரி, அது சீக்கிரம் ஆவியாகிற சரக்கு, போகத்தான் செய்யும். ஆனால் அதற்கடுத்து வந்த மல்லி ராத்திரி தலையில் வைத்துப் படுத்து, காலையில் தலையணையில் நசுங்கிக் கிடக்குமே, அந்தப் பூவின் வாடை. மல்லியில் இண்டோல் என்று ஒன்று இருக்கிறது, அளவாக இருந்தால்தான் மல்லி மல்லியாக மணக்கும், என் உடம்புச் சூட்டில் அதுதான் தூக்கலாகக் கிளம்புகிறது என்று நினைக்கிறேன். அதே பாட்டிலை என் வீட்டுக்காரர் கையில் அடித்தால் சோப்பு மாதிரி சுத்தமாக இருக்கிறது! என் தோல் வறண்ட தோல், மூன்று மணி நேரத்தில் வனிலாத் தித்திப்பு மட்டும்தான் மிச்சம். கைப்பையில் கிடந்த உங்கள் அட்டையோ மறுநாள் காலையிலும் மல்லியாகவே மணந்தது. அட்டைக்குச் சூடு ஏது, வேர்வை ஏது, எண்ணெய்ப்பசை ஏது?

கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால், "துணியில் அடிங்க மேடம், நாள் முழுக்க நிக்கும்" என்றார்கள். நம்பி, சந்தன நிறப் பருத்தித் துப்பட்டாவில் அடித்தேன். நின்றது, இரண்டு நாள் நின்றது, பொய் சொல்லக்கூடாது. கூடவே எட்டணாக் காசு அளவுக்கு ஒரு பழுப்புக் கறையும் நின்றுவிட்டது, இரண்டு தடவை துவைத்தும் போகவில்லை. பெட்டியில் நீங்களே வனிலா என்று போட்டிருக்கிறீர்கள். வனிலா வாசனை தருகிற வனிலின் கலந்த சரக்கு நாள்பட்டால் பழுப்பாகும், வெளிர் நிறத் துணியில் கறை விடலாம் என்பது உங்களுக்குத் தெரியாததா? பட்டுப்புடவையில் அடித்திருந்தால் என் கதி என்ன?

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, சீல் உடைத்த பாட்டிலை எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று பதில். சீலை உடைக்காமல் என் கையில் அது எப்படி மணக்கும் என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது? கடையில் கேட்டபோதும் கையில் அடிக்க விடவில்லையே.

பணமாகத் தாருங்கள், இல்லையென்றால் அதே விலைக்கு வேறு பெர்ஃப்யூம் தாருங்கள். ஆனால் இந்தத் தடவை கையில் அடித்துக்கொண்டு அரை மணி நேரம் வெளியே சுற்றிவிட்டு வந்துதான் எடுப்பேன். துப்பட்டாவின் போட்டோவையும் அனுப்பியிருக்கிறேன். பாட்டிலில் முக்கால்வாசிக்கு மேல் அப்படியே இருக்கிறது, கூரியர் ஆளை அனுப்பினால் கொடுத்துவிடுகிறேன், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள்.